ஆண் ஃப்ரிட்ஜ், பெண் நாற்காலி

ஃப்ரிட்ஜ் கதவில் நீல ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. அடுத்து துடைப்பத்தின் கைப்பிடியில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, பெருவிரலால் அழுத்திக்கொண்டிருந்தபோது லென்ஸ்காரர் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

பிடித்தவர் வீடு துடைக்க வரும் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் லென்ஸ்காரர் இந்தக் காரியத்தில் இறங்கியிருந்தார். மனைவி தன் அம்மாவை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போயிருந்தாள். அம்மா வருகிறாள், வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று அக்காவை இன்றைக்கும் வரச் சொல்லியிருந்தாள். அதை லென்ஸ்காரரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவரிடம் சொல்லாமல் விடப்படும் விஷயங்கள் நிறைய உண்டு.

"என்ன சார் இது, கலர் கலரா?"

லென்ஸ்காரர் துடைப்பத்தை மெதுவாகச் சுவரில் சாய்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் வாயில் வருவதுதான் பொய். "சும்மாதான். அழகுக்கு" என்றார்.

அக்கா ஃப்ரிட்ஜைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார். அழகைப் பற்றி அவருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஆனால் சம்பளம் கொடுக்கிற வீட்டில் கேட்காமல் சொல்வதில்லை என்று வைத்திருந்தார். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் இதுதான். லென்ஸ்காரர் ஒரு பெரிய கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், லென்ஸ்களைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்காரவைப்பவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே அறை, அதே ஸ்டூல். அந்தக் கடைக்கு ஃப்ரேம் அனுப்பும் இத்தாலியக் கம்பெனி ஒருவரை ஒரு மாதம் அங்கே கூப்பிட்டுப் பயிற்சி கொடுப்பதாக எழுதியிருந்தது. போகிறவர் கொஞ்சமாவது இத்தாலியன் பேச வேண்டும். துணைக்குக் குடும்பத்தில் ஒருவரை அழைத்துவரலாம், செலவு அவர்களுடையது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் லென்ஸ்காரருக்கு ஆசை வந்தது. மனைவியை அவர் இதுவரை கூட்டிப்போன மிக நீண்ட பயணம் அவளுடைய அம்மா வீடு.

போட்டிக்குக் கடையின் விற்பனைக்காரனும் நின்றான். முகத்துக்குப் பொருந்தாத ஃப்ரேமைக்கூடப் பொருந்துகிறது என்று நம்பவைக்கும் வாய் அவனுக்கு. அதனால் லென்ஸ்காரர் வீட்டில் மூச்சுவிடவில்லை. முன்பு ஒருமுறை கார் ஓட்டும் லைசென்ஸுக்குப் போய், திரும்பத் திரும்பத் தோற்று, கடைசியில் ஆர்வத்தைத் தொலைத்தவர் அவர். அந்தக் கதையை மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுவான். ஜெயித்துவிட்டுச் சொல்லலாம், தோற்றால் சொல்லவே வேண்டாம் என்று லென்ஸ்காரர் முடிவுகட்டிவிட்டார்.

இத்தாலியன் டீச்சர் ஒரு தையற்கடை மாடியில் வகுப்பு நடத்தினார். புத்தகம் கிடையாது. புத்தகம் வாங்கினால் படித்துவிட்ட திருப்தி வந்துவிடும் என்பது அவர் கட்சி. முதல் நாளே ஒரு குண்டைப் போட்டார். இத்தாலியனில் ஒவ்வொரு பொருளும் ஆண் அல்லது பெண். ஆணுக்கு முன்னால் 'இல்', பெண்ணுக்கு முன்னால் 'லா'. முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி சில ஆண்களுக்கு மட்டும் 'லோ'. அதைச் சேர்க்காமல் பெயரைச் சொன்னால் சட்டை போடாமல் தெருவில் இறங்கின மாதிரி.

லென்ஸ்காரருக்குத் தலை சுற்றியது. ஐம்பதை நெருங்கும் வரை அவர் அறிந்த நாற்காலி அஃறிணையாகவே வாழ்ந்திருக்கிறது. யாரையும் தொந்தரவு செய்ததில்லை. திடீரென்று அது பெண் என்றால் இனி எப்படி அதன்மேல் கூசாமல் உட்காருவது என்று நிஜமாகவே யோசித்தார். பீரோ ஆண் என்றார் டீச்சர். காரணம் கேட்டதற்கு, உங்கள் மீசைக்குக் காரணம் கேட்டேனா என்றார்.

மனப்பாடம் செய்ய டீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். ஆணுக்கு நீல ஸ்டிக்கர், பெண்ணுக்குச் சிவப்பு. வீட்டுப் பொருள்களில் ஒட்டிவிட்டால், புழங்கப் புழங்க நிறம் மண்டையில் ஏறிவிடும். லென்ஸ்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவந்து, வீடெல்லாம் ஒட்டி, காகிதத்தைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டார். ஒற்றர்கள்கூட அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கமாட்டார்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் ஒட்டவில்லை. அது அவருடைய ரேடியோ. பழுதான நிலையில் வாங்கி, அவரே உள்ளும் புறமும் சரிசெய்து, அலமாரியில் தனித் துணிமேல் வைத்திருந்தார். அதன் குமிழை வேறு யாரும் திருப்பக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி அவருக்குப் பிடித்த ஸ்டேஷனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்டிக்கர் பசை அதன் மரத்தில் படுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று மாலை மாமியார் வந்து இறங்கினார். கண் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் ஓய்வெடுக்க வந்தவர். காலையிலும் இரவிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். மூடாத நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லவில்லை, அதை மாமியார் தாமாகவே சேர்த்துக்கொண்டார்.

ஸ்டிக்கரைப் பற்றி மனைவி கேட்டபோது லென்ஸ்காரர் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அழகுக்கு என்ற பொய் மனைவியிடம் செல்லாது. அவர் சட்டை எடுக்கும் அழகை அவள் அறிவாள். அதனால் பொய்யில்லாத ஒன்றைத் தேடினார்.

"எது எந்தப் பக்கம்னு தெளிவா பிரிச்சு வச்சிடலாம்னுதான். நேரம் வரும்போது சொல்றேன்."

அந்த வாக்கியத்தை மனைவி அன்றிரவு பலமுறை திருப்பிப் பார்த்தாள். மாமியாருக்கு ஒருமுறையே போதுமானதாக இருந்தது. மறுநாள் விடிந்ததும், சொட்டு மருந்துக்கு முன்னால், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கட்டில் நீலம். பீரோ நீலம். ஃப்ரிட்ஜ் நீலம். டிவி நீலம். சிவப்பு எங்கே என்று தேடினால் நாற்காலி, கதவு, ஜன்னல், ஒரு வாணலி, ஒரு துடைப்பம்.

"பாகம் பிரிக்கிறாருடி" என்றார் மகளிடம். "நீலம் அவருக்கு, சிவப்பு உனக்கு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு உனக்குத் துடைப்பம். ஜன்னலைக் கழட்டி எங்கேடி எடுத்துக்கிட்டுப் போவே?"

மனைவி நம்பவில்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள் அவள். வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்தப் பல் என்று சொல்லிவிடுவாள். தன் வீட்டு முகம் மட்டும் பிடிபடாமலா போகும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு இரண்டொரு நாள்தான் நின்றது.

ஏனென்றால் டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தார். சில சொற்களின் கடைசி எழுத்துக்குத் தலையில் ஒரு சாய்ந்த கோடு இருக்கும். கோடு இருந்தால் குரல் முழுவதும் போய் அங்கே விழ வேண்டும். கோடு ஒரு பக்கம் சாய்ந்தால் வாயை அகலத் திறக்க வேண்டும், இன்னொரு பக்கம் சாய்ந்தால் குறுக்க வேண்டும். லென்ஸ்காரர் பிறந்ததிலிருந்து எல்லா எழுத்தையும் சமமாக நடத்தியவர். அவர் குரல் எங்கேயும் விழ மறுத்தது. "ஆணி அடிக்கிற மாதிரி நினைச்சுக்குங்க. கடைசி எழுத்து ஆணி. அடிங்க" என்றார் டீச்சர்.

லென்ஸ்காரர் கையால் மேஜையைக் குத்திப் பார்த்தார். ஆச்சரியம், குரல் விழுந்தது. அதிலிருந்து எதையாவது குத்தினால்தான் அவருக்குக் கோடு வரும் என்றாகிவிட்டது. வீட்டில் பழக ஒரே இடம் குளியலறை. குழாயைத் திறந்துவிட்டுச் சுவரைக் குத்திக் குத்தி 'லிபெர்-தா' என்றார். சுதந்திரம் என்று அர்த்தம். தாடையை வெட்டி 'பெர்-கே' என்றார். ஏன் என்று அர்த்தம். வெளியே அம்மாவும் மகளும் நின்று கேட்டார்கள். அர்த்தம் தெரியாததால் அவர்கள் அதைவிட மோசமானதைக் கற்பனை செய்துகொண்டார்கள்.

போதாக்குறைக்கு, துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட் அளவுப் போட்டோக்கள் வந்தன. மனைவி அவற்றை விசிறிபோல விரித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவர் தனியாக இருந்தார். பாஸ்போர்ட் போட்டோவில் எல்லாரும் தனியாகத்தான் இருப்பார்கள் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அழுதாள். யாரும் பார்க்காமல், பாத்திரம் கழுவுகிற சத்தத்தில்.

லென்ஸ்காரருக்கோ வேறொரு பீதி பிடித்திருந்தது. மாலையில் வீடு திரும்பி, நேற்று நீலமாக இருந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தால் இன்று சிவப்பாக இருந்தது. நேற்று சிவப்பாக இருந்த நாற்காலி நீலமாகியிருந்தது. மறுநாள் இரண்டும் வேறு மாதிரி. கண்ணாடிக் கடையில் பிழைக்கிறவனுக்கு நிறம் தெரியாமல் போனால் கதை முடிந்தது. மதியம் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கடையின் சோதனை அறைக்குள் நுழைந்து, வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் வண்ணப் புள்ளி அட்டைகளைத் தமக்குத் தாமே காட்டிக்கொண்டார். எல்லா எண்களும் பளிச்சென்று தெரிந்தன. கண்ணில் கோளாறு இல்லை என்றால் மூளையில்தான் என்று முடிவுசெய்து, இன்னும் வாடிப்போனார்.

டீச்சரிடம் பெயர் சொல்லாமல், ஒரு நண்பருக்கு இப்படி என்று கேட்டார். "மூளை ஏமாத்தும். கண்ணை நம்பச் சொல்லுங்க. வீட்ல என்ன கலர் இருக்கோ அதுதான் வேதம்" என்றார் டீச்சர். அன்றிலிருந்து லென்ஸ்காரர் பழைய ஞாபகத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு, வீட்டில் பார்த்த நிறத்தையே படித்தார். வேதம் தினமும் மாறியது. அவரும் தினமும் மாறினார். வகுப்பில் 'லா' என்று ஆரம்பித்து, டீச்சரின் முகத்தைப் பார்த்து, 'இல்' என்று தாவி, கடைசியில் இருமலாக முடித்தார்.

யார் இத்தாலிக்குப் போவது என்பதற்கான தேர்வு சனிக்கிழமை காலை, கடை முதலாளியின் அறையில். ஊரில் இத்தாலியன் தெரிந்த வேறு ஆள் இல்லாததால் கேள்வி கேட்கப்போவதும் அதே டீச்சர்தான். லென்ஸ்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு அறையைவிட்டு வெளியே வந்தபோது வாசலில் மைத்துனனின் வேன் நின்றது. மைத்துனனுக்கு சோபா, மெத்தை டெலிவரி செய்யும் தொழில். டெலிவரிதான் இருக்கும் போல என்று லென்ஸ்காரர் செருப்பைத் தேடினார். செருப்பு தரையில் கிடந்தது, செருப்பு வைக்கும் ஸ்டாண்டைக் காணவில்லை. அது வேனில் இருந்தது.

மைத்துனன் நாற்காலி ஒன்றைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனான். பின்னால் மாமியார், இதில் சிவப்பு, இதில் நீலம் என்று விரல் நீட்டிக்கொண்டு வந்தார். மைத்துனன் குரலில் அலுப்பு இருந்தது. "சிவப்பு ஒட்டினதெல்லாம்னு சொன்னே. குப்பைத் தொட்டியில ஒட்டியிருக்கு. மாமா ஷேவ் பண்ற கண்ணாடியில ஒட்டியிருக்கு. இதெல்லாம் வச்சுக்கிட்டு எங்கக்கா என்ன பண்ணும்?"

லென்ஸ்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மனைவி கூடத்தில் ஒரு பெட்டியின் பக்கத்தில் நின்றாள். வெளியூர் போகும்போது கட்டும் நல்ல புடவையில் இருந்தாள். முகம் மட்டும் எங்கேயும் போக விருப்பமில்லாத முகம். அவளிடம் என்ன என்று கேட்கப் போனவர், மைத்துனன் அலமாரிப் பக்கம் கையை நீட்டுவதைப் பார்த்துவிட்டார்.

அவன் கையில் ரேடியோ இருந்தது. அதன் நெற்றியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது.

"அதை வை" என்றாள் மனைவி. உரக்கச் சொல்லவில்லை. ஆனால் மைத்துனன் வைத்துவிட்டான். மாமியாரின் விரல்கூட மடங்கியது.

அவள் கணவனைப் பார்த்தாள். "என்னை அனுப்பிடணும்னு நினைக்கிற ஆளு, இதை எதுக்கு எனக்குக் குடுக்கறீங்க? இதோட குமிழைக்கூடத் திருப்ப விட்டதில்லையே. நேத்து சாயங்காலம் இதைப் பார்த்ததிலேர்ந்து எனக்கு ஒண்ணும் ஓடலை. நான் கிளம்பணுமா, இருக்கணுமா, நீங்களே சொல்லுங்க."

லென்ஸ்காரருக்கு மெல்ல மெல்ல எல்லாம் விளங்கியது. தம்மை விட்டுப் போகப் பெட்டி கட்டியிருக்கிறாள். அதுவும் தம்மோடு கூட்டிப்போகத்தான் அவர் இந்தப் பாடு படுகிறார் என்று தெரியாமல். உலகத்தில் யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாரோ, அந்த மைத்துனன் நாலடி தூரத்தில் நின்றான். லென்ஸ்காரர் அவனைப் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

"நான் இத்தாலியன் படிக்கிறேன்."

அவர் அவசர அவசரமாக விளக்கினார். பயிற்சி, துணைக்கு ஒருவர், டீச்சர், ஆண் ஃப்ரிட்ஜ், பெண் நாற்காலி. மைத்துனன் தன் அம்மாவைப் பார்த்த பார்வையில், இவருக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்ற கேள்வி இருந்தது. வேறு வழியில்லாமல் லென்ஸ்காரர் பீரோவை ஓங்கிக் குத்தி, தாடையை வெட்டி, "லிபெர்-தா" என்றார். குளியலறைச் சத்தம் அப்படியே கூடத்தில் ஒலித்தது. மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததும் அதைச் சிரிப்பின் கணக்கில் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். மைத்துனனும் சிரித்தான். ஆனால் அவன் கைகள் அதற்குள் எதையோ குத்திப் பழக ஆரம்பித்திருந்தன. அடுத்த விசேஷத்துக்கு ஸ்டியரிங்கோடு இதுவும் சேரும் என்று லென்ஸ்காரருக்குத் தெரிந்தது.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியைத் தேடினார், எல்லாம் வேனில் இருந்ததால் நின்றபடியே சொன்னார்.

"மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க. கலரை நான்தான் மாத்தினேன்."

லென்ஸ்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டே நிமிர்ந்தார்.

"என் பொண்ணுக்கு ஒண்ணுமில்லாம போகுதேன்னு, மத்தியானம் யாரும் இல்லாத நேரமா ரெண்டு மூணு பொருள்ல மாத்தி ஒட்டுவேன். மறுநாள் பார்த்தா நீங்க மறுபடி மாத்தியிருப்பீங்க. நானும் விடலை."

தாம் எதையும் மாற்றவில்லை என்று லென்ஸ்காரர் சொல்ல வாயெடுத்தார். பிறகு, ஆபரேஷன் ஆன கண், அதற்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டார். அவர் மூளைக்குக் கோளாறு இல்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி தெருமுனை வரைதான் வந்தது. அங்கே அடுத்த நினைப்பு அவரை நிறுத்தியது. மாமியார் மாற்றி ஒட்டியதைத்தானே இத்தனை நாளும் படித்திருக்கிறோம்?

தேர்வுக்கு நேரம் நெருங்கிவிட்டது. போகிற வழியெல்லாம் ஒரு தீர்வைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். படித்தது எல்லாம் தலைகீழ். எனவே மனசில் நீலம் வந்தால் சிவப்பு என்று சொல்ல வேண்டும், சிவப்பு வந்தால் நீலம். லென்ஸில் பிம்பம் தலைகீழாக விழுந்தாலும் மூளை நிமிர்த்திக்கொள்வதில்லையா? தம் தொழிலே தம்மைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தபடி முதலாளியின் அறைக்குள் நிமிர்ந்து நடந்தார்.

விற்பனைக்காரன் முடித்துவிட்டுப் புன்னகையோடு வெளியே வந்துகொண்டிருந்தான். உள்ளே டீச்சர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கட்டில், நாற்காலி, ஜன்னல், ஃப்ரிட்ஜ். லென்ஸ்காரர் தயங்கவில்லை. மனசில் வந்ததைத் திருப்பிப்போட்டு, ஒவ்வொன்றையும் அடித்துச் சொன்னார். இத்தனை நம்பிக்கையாக அவர் எதையும் சொல்லி டீச்சர் கேட்டதில்லை. பிறகு கோடு போட்ட சொற்கள் வந்தன. லென்ஸ்காரர் மேஜையைக் குத்தினார். முதலாளியின் காபிக் கோப்பை தட்டிலிருந்து எழும்பி மறுபடி உட்கார்ந்தது. அடுத்த சொல்லுக்கு முதலாளி கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். கடைசிச் சொல்லுக்குப் பேனா ஸ்டாண்டு விழுந்தது.

டீச்சர் மதிப்பெண்களைக் கூட்டிவிட்டு அவரை வெகுநேரம் பார்த்தார். "ஆண் பெண் விஷயத்துல சரியா பாதி" என்றார். "ஒண்ணுமே படிக்காதவங்க கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலும் பாதி வரும். நீங்க கண்ணைத் திறந்துகிட்டே அதைச் சாதிச்சிருக்கீங்க. எப்படின்னு எனக்குப் புரியலை."

லென்ஸ்காரருக்கும் புரியவில்லை. தலைகீழாகப் படித்ததைத் தலைகீழாகச் சொன்னால் எல்லாமே சரியாக வந்திருக்க வேண்டும். மனைவியிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்பதற்கு வார்த்தை தேட ஆரம்பித்தார்.

டீச்சர் இன்னும் முடிக்கவில்லை. விற்பனைக்காரனுக்கு 'இல்', 'லா' எல்லாம் சரி. ஆனால் வாடிக்கையாளர் மனம் நோகாமல் பேசிப் பேசி, எந்த எழுத்தையும் அழுத்திச் சொல்ல அவனுக்கு வரவில்லை. கோடு போட்ட சொல் ஒன்றுகூட டீச்சர் காதில் விழவில்லை. லென்ஸ்காரர் அடித்த ஆணியோ, வெளியே ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது. மொத்தத்தில் ஒரு நூலிழையில் லென்ஸ்காரர் முன்னால் நின்றார். முதலாளி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகொடுத்தார். போவதற்குள் அந்த மற்ற விஷயத்தையும் ஒழுங்காகப் படித்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று மாலை நாற்காலிகள் திரும்பிவந்து கூடத்தில் பழைய இடங்களில் உட்கார்ந்தன. மைத்துனன் இரண்டு முறை மேஜையைக் குத்திக் காட்டிவிட்டு வேனோடு போனான். மாமியார் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே மூடிக்கொண்டார்.

மனைவி பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கினாள். இத்தாலியில் குளிருமா, ஸ்வெட்டர் வேண்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, முதுகைக் காட்டியபடியே இன்னொன்றையும் கேட்டாள்.

"மத்ததெல்லாம் பாஷைக்காக ஒட்டினீங்க, சரி. அந்த ரேடியோ?"

லென்ஸ்காரர் ரேடியோவைப் பார்த்தார். அதில் அவர் ஒட்டவில்லை. மதியமே மாமியாரிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டார். அதை நான் தொடுவேனா, நீங்க என்னைச் சும்மா விடுவீங்களா என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டார் அவர். அப்படியானால் எப்படி வந்தது? லென்ஸ்காரருக்குத் தெரியவில்லை. ஆனால் பீரோவின் கதவைப் பிடித்தபடி மனைவி பதிலுக்குக் காத்திருந்தாள். ரேடியோவை அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டியவர் தாம்தான், எப்போதோ கொடுத்திருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் அவருக்கு உறைத்தது.

"அது பாஷைக்கு இல்லை" என்றார்.

மனைவி அலமாரிக்குப் போய், குமிழைத் தொட்டு, அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகத் திருப்பினாள். அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு ஸ்டேஷன் வந்தது. லென்ஸ்காரர் அதைக் கடைசிவரை கேட்டார். பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் காலையிலும், அறைக்குள் கொண்டுபோய் வைத்திருந்த ரேடியோவில் அதே ஸ்டேஷன் பாடிக்கொண்டிருந்தது. மனைவி கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வேன் வந்துபோன களேபரத்தில் வீடெல்லாம் மண்ணாகியிருந்ததால் அக்காவை அன்றும் வரச் சொல்லியிருந்தாள். இந்த முறையும் லென்ஸ்காரரிடம் யாரும் சொல்லவில்லை. அக்கா வாளியோடு கூடத்துக்கு வந்ததும், ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்துவிடும்படி லென்ஸ்காரர் சொன்னார். இனி டீச்சரிடம் புதுப் பட்டியல் வாங்கி, ஒழுங்காக ஆரம்பிக்க வேண்டும்.

அக்காவின் முகம் வாடிவிட்டது.

"ஏன் சார், நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க அழகுக்குன்னு சொன்னீங்க, ஆனா ஒரே பக்கமா நீலமா அப்பி வச்சிருந்தீங்க. பார்க்கச் சகிக்கலை. அதான் தினமும் துடைக்கும்போது எல்லாத்தையும் உரிச்சிட்டு, ஒண்ணு விட்டு ஒண்ணு, நீலம் சிவப்பு, நீலம் சிவப்புன்னு நான் வரிசையா ஒட்டிக்கிட்டு வந்தேன். பெரியம்மா கண்ணுல மருந்து விட்டுப் படுத்திருப்பாங்க, நான் பாட்டுக்கு வேலையப் பார்ப்பேன்."

லென்ஸ்காரர் பெண்ணென்றும் பாராமல் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அறைக்குள் மனைவி குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். அந்தப் பாட்டைக் கேட்டதும் அக்காவுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

"ஆனா பெருக்கும்போது கை பிசுபிசுங்குது சார், அதனால அந்தத் துடைப்பத்துல இருந்ததை மட்டும் உரிச்சு, தூரப்போட மனசு வராம, உங்க ரேடியோவுல ஒட்டிட்டேன்."